சீட்டின் விலையும் மூட்டையின் விலையும்

மனிதன் வெறுங்கையுடன் நெடும்பயணஞ் செய்வது அரிது. தூர தேசம் புறப்படுகிறவர் மாற்றுடையும் மருந்தும் எடுத்துச் செல்வார். உறவினர் வீட்டுக்குப் போகிறவர் பலகாரமும் பழமும் கொண்டுபோவார். பிறநாட்டில் உழைத்து வீடு திரும்புகிறவர் பிள்ளைகளுக்கென்று வாங்கிய பொருள்களைப் பெட்டியிற் கட்டி வருவார். ஆகவே ஒருவரைக் கொண்டுசெல்ல உடன்பட்ட நிறுவனம் அவருடைய மூட்டையையுங் கொண்டுசெல்ல உடன்பட்டதாகுமா? மூட்டைக்குத் தனிக் கூலி கேட்கலாமா? கேட்கலாமாயின், அதனை எப்பொழுது சொல்லவேண்டும்?

மலிவுக் கட்டண விமானங்களில் ஏறுவோர் யாவருக்கும் இக் கேள்விகள் இன்று எழுகின்றன. விளம்பரத்திற் கண்ட விலை ஒன்று. பெட்டிக்கும், விரும்பிய ஆசனத்துக்கும், உணவுக்கும் எனக் கூட்டி இறுதியிற் கொடுத்த விலை வேறொன்று. இவ் வழக்கம் எங்கிருந்து வந்தது, எக் காரணங்களால் வளர்ந்தது, சட்டம் அதனை எவ்வாறு எதிர்கொண்டது என்பவற்றை வரலாற்று முறையில் நோக்குதல் பயனுடையது.

இக் கேள்வி விமானத்துடன் பிறந்ததன்று. புகையிரதம் தோன்றிய காலத்திலேயே அது எழுந்துவிட்டது. இங்கிலாந்தின் தொடக்ககாலப் புகையிரதக் கம்பனிகள் ஏழைப் பிரயாணிகளைப் பெரிதும் மதிக்கவில்லை. மூன்றாம் வகுப்பில் ஏறியவர்கள் பல பாதைகளிற் கூரையில்லாத வண்டிகளில், மழையிலும் பனியிலும் நனைந்து சென்றனர். 1844 ஆம் ஆண்டிற் பிரித்தானியப் பாராளுமன்றம் இதற்கொரு சட்டம் இயற்றியது. அப்பொழுது வர்த்தகச் சபைத் தலைவராயிருந்த வில்லியம் கிளாட்ஸ்டன் அதனை முன்னின்று கொண்டுவந்தார். நாளுக்கு ஒரு வண்டியேனும் ஏழைகளுக்காக ஓடவேண்டும். அதன் வேகம் மணிக்குப் பன்னிரண்டு மைலுக்குக் குறைதலாகாது. ஆசனங்கள் மழைக்கு மறைவாயிருக்கவேண்டும். கட்டணம் மைலுக்கு ஒரு பென்னிக்கு மேற்படலாகாது என்று அச்சட்டம் விதித்தது.

அத்துடன் அது நின்றுவிடவில்லை. ஒவ்வொரு பிரயாணியும் 56 இறாத்தல் நிறையுள்ள சாமானைக் கூலியின்றிக் கொண்டுசெல்லலாம் என்றும் அது கூறியது. இவ் வாசகம் ஊன்றி நோக்கத்தக்கது. வேலை தேடி ஊர்விட்டு ஊர் போகும் தொழிலாளி தன் கருவிகளையும் துணிமணிகளையும் விட்டுச் செல்ல இயலாது. மைலுக்கு ஒரு பென்னி என்று சொல்லிவிட்டு மூட்டைக்கு இரண்டு பென்னி வாங்கினால், அந்த ஒரு பென்னிக்குப் பொருளில்லை. கட்டணத்துக்கு உச்சவரம்பு வைத்தவர்கள், வேறொரு வாயிலாற் பணம் பறிக்க இடமிருக்கலாகாது என்பதையும் உணர்ந்திருந்தார்கள்.

இனி விமானத்துக்கு வருவோம். இலண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே நாள்தோறும் செல்லும் விமான சேவை 1919 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25 ஆந் தேதி தொடங்கியது. அக்கால விமானங்கள் சிறியவை. ஒரு சிலரே அவற்றில் ஏறலாம். எடை கூடினால் எழும்புவதே கடினம். ஆதலின் விமானத்தைப் பொறுத்தவரை சுமை என்பது தொடக்கமுதலே உயிரோடு தொடர்புடைய கணக்காயிற்று. இம்பீரியல் எயர்வேய்ஸ் போன்ற கம்பனிகள் பெட்டியை மட்டுமன்றிப் பிரயாணியையும் தராசில் நிறுத்தே ஏற்றின. எடைக்கு விலை வைத்தல் அக்காலத்தில் வஞ்சகமன்று. இயந்திரத்தின் வலுக்குறைவாற் பிறந்த தேவை.

1929 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வார்சோ நகரிற் கைச்சாத்திடப்பட்ட சர்வதேச உடன்படிக்கை, பிரயாணிக்கு ஒரு சீட்டும் அவர் ஒப்படைக்கும் சாமானுக்கு வேறொரு சீட்டும் கொடுக்கப்படவேண்டுமென விதித்தது. எத்தனை பொதிகள், என்ன நிறை என்பன அதில் எழுதப்படல்வேண்டும். பொதி தொலைந்தால் நிறுவனம் எவ்வளவு ஈடு செலுத்தவேண்டுமென்பதும் வரையறுக்கப்பட்டது. மூட்டையை ஏற்பது நிறுவனத்தின் தயவன்று, பொறுப்பு என்னுங் கருத்து இவ்வாறு உலகச் சட்டத்தில் இடம்பெற்றது.

இரண்டாம் உலகப்போர் முடியுந் தறுவாயில், 1945 ஏப்ரலில், ஹவானா நகரிற் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் நிறுவப்பெற்றது. உலகின் பெரிய விமானக் கம்பனிகள் இச்சங்கத்தில் ஒன்றுகூடி, எப்பாதைக்கு என்ன கட்டணம் என்பதைத் தமக்குட் பேசி முடிவுசெய்தன. அரசாங்கங்கள் அதற்கு ஒப்புதல் அளித்தன. முதல் வகுப்பிற் செல்பவருக்கு 30 கிலோவும் சாதாரண வகுப்பிற் செல்பவருக்கு 20 கிலோவும் இலவசம் என்னும் விதி நெடுங்காலம் உலகெங்கும் வழங்கியது இச்சங்கத்தின் ஏற்பாட்டினாலேதான். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவுக்கும் முதல் வகுப்புக் கட்டணத்தில் நூற்றில் ஒரு பங்கு செலுத்தவேண்டும். இது கடுமையான கட்டணமே. ஆயினும் எல்லாக் கம்பனிகளுக்கும் பொதுவானது. இலங்கையின் தேசிய விமான சேவையாகிய எயர் சிலோன், 1947 டிசெம்பர் 10 ஆந் தேதி டக்கோட்டா விமானமொன்றை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் செலுத்தித் தன் பணியைத் தொடங்கியபொழுது உலக வான்போக்குவரத்து இத்தகைய நிலையிலேயே இருந்தது.

கட்டணம் யாவர்க்கும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தமையால், கம்பனிகள் விலையிற் போட்டியிட இயலவில்லை. போட்டியோ ஒழியவில்லை, அது உணவிலும் உபசாரத்திலும் புகுந்தது. 1958 ஏப்ரலில் அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு மேலாகச் சிக்கன வகுப்பொன்று தொடங்கப்பட்டபொழுது, அவ்வகுப்பினருக்கு எளிய சான்ட்விச் மட்டுமே வழங்கப்படலாமென்று சங்கம் விதித்தது. ஐரோப்பியக் கம்பனிகள் சில, ஒரு துண்டு ரொட்டியின்மேல் இறைச்சியும் மீனும் காய்கறியும் குவித்து, இதுவும் சான்ட்விச்தானே என்றன. அமெரிக்கக் கம்பனிகள் முறையிட்டன. சான்ட்விச் என்பது யாது என ஆராய்வதற்குச் சங்கம் கூடவேண்டியதாயிற்று. முடிவில் ஸ்கண்டினேவிய விமானக் கம்பனி 20,000 டொலர் தண்டம் இறுத்தது.

இச்சம்பவம் நகைப்பை ஊட்டினும் ஒரு பொருளாதார உண்மையைக் காட்டுகிறது. விலை கட்டப்பட்டிருந்த காலத்தில் நிறுவனம் தன் சீட்டுக்குள் எவ்வளவு அதிகமாகத் திணிக்கலாம் என்று முயன்றது. விலை அவிழ்க்கப்பட்ட காலத்தில், அதே சீட்டிலிருந்து எவ்வளவு பிரித்து வெளியே எடுக்கலாம் என்று முயன்றது. பெட்டிக் கட்டணத்தின் வரலாறு இவ்விரு முயற்சிகளுக்கும் இடைப்பட்ட மாற்றத்தின் வரலாறேயாகும்.

அமெரிக்காவில் 1938 முதல் விமானக் கட்டணங்களையும் பாதைகளையும் அரசாங்கச் சபையொன்று நிருவகித்துவந்தது. ஆயினும் ஒரு மாநிலத்தின் எல்லைக்குள் மாத்திரம் பறக்கும் கம்பனி அச்சபையின் அதிகாரத்துக்கு உட்படாது. கலிபோர்னியாவில் 1949 இல் தொடங்கிய பசிபிக் சௌத்வெஸ்ட் என்னுங் கம்பனி இவ்வழியிற் குறைந்த கட்டணத்திற் பறந்து வெற்றிகண்டது. அதனைப் பார்த்து டெக்சஸ் மாநிலத்தில் ரொலின் கிங், ஹேர்ப் கெல்லெஹர் என்னும் இருவரும் 1967 இல் ஒரு கம்பனியைப் பதிவுசெய்தனர். பெரிய கம்பனிகள் மூன்று வழக்குத் தொடுத்து அதனை நான்கு ஆண்டுகள் தரையிலேயே நிறுத்திவைத்தன. வழக்குகளைக் கடந்து, 1971 ஜூன் 18 ஆந் தேதி டலஸ், ஹூஸ்டன், சான் அன்ரோனியோ ஆகிய நகரங்களுக்கிடையே சௌத்வெஸ்ட் எயர்லைன்ஸ் பறக்கத் தொடங்கியது.

மலிவு விமானம் எவ்வாறு மலிவாகிறது என்பதை அக் கம்பனியின் வாழ்க்கை நன்கு விளக்கும். விமானம் ஆகாயத்திலிருக்கும்பொழுதே பணம் ஈட்டும். தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நட்டம். 1972 இற் பண நெருக்கடியால் தன் நான்கு விமானங்களில் ஒன்றை விற்கவேண்டி வந்தபொழுது, அக் கம்பனி எஞ்சிய மூன்றைக்கொண்டே நான்கின் வேலையைச் செய்யத் துணிந்தது. தரையிறங்கிய விமானத்தைப் பத்து நிமிடத்தில் மீண்டும் புறப்படச் செய்யும் வழக்கம் இவ்வாறு பிறந்தது. ஒரேவகை விமானம், சாப்பாட்டுக்குப் பதிலாக நிலக்கடலை, குறித்த ஆசனமில்லாமை ஆகிய சிக்கனங்கள் இத்துடன் சேர்ந்தன. ஆனால் ஒன்றை அக் கம்பனி நெடுங்காலம் செய்யவில்லை. பிரயாணி ஒப்படைக்கும் பெட்டிக்கு அது பணம் கேட்கவில்லை.

அத்திலாந்திக்கின் மறுகரையில், பிரடி லேக்கர் என்னும் ஆங்கில வர்த்தகர் 1977 செப்டெம்பர் 26 ஆந் தேதி இலண்டனிலிருந்து நியூயோர்க்குக்குத் தமது ‘ஸ்கைட்ரெயின்’ சேவையைத் தொடங்கினார். ஒருவழிக் கட்டணம் 59 பவுண். புகையிரதச் சீட்டைப்போல அன்றைக்கே வரிசையில் நின்று வாங்கவேண்டும். உணவு வேண்டுவோர் தனியே பணம் செலுத்தவேண்டும். சமுத்திரங் கடப்பதைக் கனவிலும் எண்ணாத மாணவரும் தொழிலாளரும் அவ்வரிசையில் நின்றனர். 1982 பெப்ரவரி 5 ஆந் தேதி லேக்கரின் கம்பனி கடனில் மூழ்கி வீழ்ந்தது. ஆயினும் சாப்பாட்டையும் ஆசனத்தையும் பிரித்து விற்கலாமென்ற எண்ணம் அவரோடு மறைந்துவிடவில்லை.

1978 ஒக்டோபர் 24 ஆந் தேதி ஜனாதிபதி கார்ட்டர் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கும் சட்டத்தில் ஒப்பமிட்டார். கட்டணத்தைத் தீர்மானிக்கும் உரிமை கம்பனிகளின் கைக்கு வந்தது. அச்சுதந்திரத்தின் பிள்ளைகளுள் ஒன்று பீப்பிள் எக்ஸ்பிரஸ். 1981 ஏப்ரல் 30 ஆந் தேதி நியூவார்க் நகரிலிருந்து பறக்கத் தொடங்கிய அக் கம்பனி, ஒப்படைக்கும் பெட்டி ஒன்றுக்கு 3 டொலர் வாங்கியது. கோப்பி அருந்த 50 சதம் வாங்கியது. சீட்டுப் பணத்தையும் விமானத்துக்குள்ளேயே வசூலித்தது. அது வெகு வேகமாக வளர்ந்து, வேகமாகவே தளர்ந்து, 1987 பெப்ரவரியில் வேறொரு கம்பனியுடன் இணைந்து மறைந்தது.

பீப்பிள் எக்ஸ்பிரஸின் 3 டொலரை நியாயமற்றதென்று சொல்லுதல் எளிதன்று. பெட்டியை வாங்கவும், அடுக்கவும், ஏற்றவும், இறக்கவும் ஆட்கள் வேண்டும். எடை கூட எரிபொருளுங் கூடும். ஏற்றி இறக்குவதில் நேரமுஞ் செலவாகும். கைப்பையொன்றுடன் செல்லும் ஒருவர், மூன்று பெட்டிகளுடன் செல்லும் மற்றொருவரின் கூலியை ஏன் தாங்கவேண்டும்? பிரித்து விற்பவர்களின் வாதம் இதுவே, அதில் உண்மையுமுண்டு. எல்லாருக்குந் தெரிந்த 3 டொலர், எல்லாருக்கும் ஒரேயளவான 3 டொலர், முன்கூட்டியே சொல்லப்பட்ட 3 டொலர் யாரையும் வஞ்சிப்பதில்லை. வஞ்சகம் புகுந்தது பின்னரேயாகும்.

ஐரோப்பாவிற் கட்டுப்பாடுகள் 1993 ஜனவரி முதல் தளர்ந்தன. அதற்கு முன்னரே, 1985 இல், அயர்லாந்தின் வோட்டர்போர்டிலிருந்து இலண்டனுக்குப் பதினைந்து ஆசனங்கள் கொண்ட சிறு விமானமொன்றுடன் ரயன்எயர் தொடங்கியிருந்தது. நட்டத்தில் தவித்த அக் கம்பனியைச் சீர்ப்படுத்த வந்த மைக்கல் ஓ’லியரி, டெக்சஸ் சென்று சௌத்வெஸ்டின் முறைகளைக் கண்டு திரும்பினார். 1995 நவம்பரில் ஸ்டெலியோஸ் ஹாஜி-இயோவான்னு என்பவர் இலண்டனை அடுத்த லூட்டனிலிருந்து ஸ்கொத்லாந்துக்கு ஈஸிஜெட் சேவையைத் தொடங்கினார். ஒருவழிக் கட்டணம் 29 பவுண். 2006 ஆம் ஆண்டில் பிளைபீ, ரயன்எயர் ஆகிய கம்பனிகள் ஒப்படைக்கும் பெட்டிகளுக்குக் கட்டணம் விதித்தன. 2018 நவம்பர் முதல், ரயன்எயரில் முன்னுரிமைக் கட்டணம் செலுத்தாதவர் ஆசனத்தின் கீழ் அடங்கும் சிறு பையொன்றையே இலவசமாகக் கொண்டுசெல்லலாயிற்று.

அமெரிக்காவிலோ இம்மாற்றம் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது எனலாம். 2008 இல் எண்ணெய் விலை நாளுக்கு நாள் ஏறி, ஜூலையில் பீப்பாய் 147 டொலரைத் தொட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் அமெரிக்கன் எயர்லைன்ஸ், ஒப்படைக்கும் முதற் பெட்டிக்கே 15 டொலர் கட்டணம் என அறிவித்தது. மலிவுக் கம்பனியல்லாத பெரிய கம்பனியொன்று இவ்வாறு செய்யவே, ஏனையவும் விரைவிற் பின்பற்றின. அடுத்த சில மாதங்களில் எண்ணெய் விலை சரிந்தது, கட்டணமோ இறங்கவில்லை. அமெரிக்கக் கம்பனிகள் பெட்டிக் கட்டணமாகப் பெற்ற தொகை 2007 இல் ஏறக்குறைய 46 கோடி டொலர். 2010 இல் ஏறக்குறைய 340 கோடி டொலர். 2023 இல் 700 கோடி டொலருக்கும் மேல். நெருக்கடிக்கால மருந்தாகப் புகுந்தது நாளாந்த உணவாகிவிட்டது. 2010 ஓகஸ்டில் ஸ்பிரிட் என்னுங் கம்பனி, தலைக்கு மேலுள்ள தட்டில் வைக்குங் கைப்பெட்டிக்குங் கட்டணம் விதித்து ஒருபடி மேலே சென்றது.

கட்டணம் இறங்காமைக்கு இரு காரணங்களைச் சிறப்பாகக் கூறலாம்.

முதலாவது வரி. அமெரிக்காவில் உள்நாட்டு விமானச் சீட்டின் விலையில் நூற்றுக்கு ஏழரை வீதம் வரியுண்டு. விருப்பத்தின்பேரிற் பெறப்படுஞ் சேவையாகக் கருதப்படும் பெட்டிக் கட்டணத்துக்கு அவ்வரியில்லை. நூறு டொலரையுஞ் சீட்டின் விலையாகப் பெற்றால் ஏழரை டொலர் வரியாகும். எழுபது டொலரைச் சீட்டுக்கும் முப்பது டொலரைப் பெட்டிக்குமாகப் பிரித்துப் பெற்றால் வரி ஐந்தே கால் டொலராகக் குறைகிறது. சீட்டைப் பிளப்பதற்குச் சட்டமே கூலி கொடுத்தது.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. இணையம் வந்தபின் பிரயாணிகள் பல கம்பனிகளின் விலைகளை ஒரே பட்டியலிற் காணலாயினர். அப்பட்டியல் குறைந்த விலையிலிருந்து கூடிய விலைக்கு ஒழுங்குபடுத்தப்பட்டது. எல்லாவற்றையும் உள்ளடக்கி 100 டொலர் என்று சொல்லும் கம்பனியொன்று. 70 டொலர் என்று சொல்லிப் பின்னர் பெட்டிக்கு 35 டொலர் வாங்கும் கம்பனி மற்றொன்று. பெட்டி கொண்டுசெல்பவருக்கு இரண்டாவது கம்பனியே ஐந்து டொலர் அதிகம். ஆனால் பட்டியலில் அதுவே மேலே நிற்கும். வாங்குபவரின் கண்ணும் அதிலேயே விழும். முழுவிலையையும் முதலிற் சொன்ன நேர்மையான கம்பனி கீழே தள்ளப்படும். நாளடைவில் அதுவும் தன் விலையைப் பிளந்தே சொல்லவேண்டிய நிலை உண்டாகும். ஒருவர் மறைத்தால் மற்றவரும் மறைத்தே பிழைக்கவேண்டிய சந்தையில், தனிமனிதரின் நற்குணம் மாத்திரம் போதாது.

பெட்டியோடு வேறு பல சிறு கட்டணங்களும் முளைத்தன. கடனட்டையாற் பணஞ் செலுத்துவதற்குக் கட்டணம். தாயும் பிள்ளையும் அருகருகே இருக்க விரும்பினால் ஆசனத்துக்குக் கட்டணம். முன்னதாக இணையத்திற் பதிவுசெய்யத் தவறியவருக்கு விமான நிலையத்திற் கட்டணம். 2023 இல் ரயன்எயர் இக் கடைசித் தவறுக்கு ஒருவருக்கு 55 பவுண் வரை பெற்றது. பறப்பதற்கான சீட்டே அதனினும் மலிவாகக் கிடைத்த நாள்களும் உண்டு. இத்தகைய தண்டம் கணினியிற் பழகிய இளைஞரைத் தொடுவது குறைவு. முதியவர், மொழி தெரியாதவர், முதன்முறை பறப்பவர் ஆகியோரே அதில் அகப்படுகின்றனர். கூடிய செலவைத் தாங்க வலியற்றவரே கூடிய செலவைச் செய்ய நேர்கிறது. 1844 ஆம் ஆண்டுச் சட்டம் காக்க முனைந்ததும் இத்தகைய பிரயாணிகளையே.

சட்டம் மெல்ல விழித்துக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2008 இல் இயற்றிய ஒழுங்குவிதியொன்று, தவிர்க்கமுடியாத எல்லா வரிகளையுங் கட்டணங்களையும் சேர்த்த இறுதி விலையையே காட்டவேண்டுமெனக் கட்டளையிட்டது. விருப்பத்துக்குரிய சேவைகளைப் பிரயாணி தாமே தேர்ந்தெடுத்தாலன்றி அவற்றுக்குப் பணம் பெறலாகாது என்றும் அது கூறியது. அதாவது, காப்புறுதி வேண்டும் என்னுங் கட்டத்தில் விற்பவரே முன்கூட்டி அடையாளமிட்டு வைத்து, கவனிக்கத் தவறியவரிடம் பணம் பெறுவது தடுக்கப்பட்டது. 2012 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் இத்தடை இணையத்திற் சீட்டு விற்கும் இடைத்தரகருக்கும் பொருந்தும் எனத் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் 2012 ஜனவரி 26 ஆந் தேதி முதல், அரசாங்க வரிகளைச் சேர்த்த முழுக் கட்டணத்தையே விளம்பரப்படுத்தல்வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. கம்பனிகள் சில அதனை எதிர்த்து வழக்காடித் தோற்றன. பிரித்தானியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் பொதுமக்களின் கடனட்டைகளுக்கு மேலதிகக் கட்டணம் பெறுவது 2018 ஜனவரி முதல் விலக்கப்பட்டது.

ஆயினும் வரி வேறு, பெட்டி வேறு. வரி எல்லாருக்கும் உண்டு. பெட்டி சிலருக்கே உண்டு. அது தவிர்க்கக்கூடியதா, தவிர்க்க இயலாததா? இவ்வினாவுக்கு விடைகாண ஸ்பானிய வழக்கொன்று உதவியது. வுவெலிங் என்னும் மலிவுக் கம்பனி, லா கொருனியா நகரிலிருந்து அம்ஸ்டர்டாம் செல்ல நால்வருக்குச் சீட்டு வாங்கிய ஒருவரிடம், இரண்டு பெட்டிகளுக்கென 40 யூரோ மேலதிகமாகப் பெற்றது. பெட்டியைக் கூலியின்றி ஏற்கவேண்டுமென ஸ்பானியாவின் 1960 ஆம் ஆண்டு விமானச் சட்டம் கூறியது. பிரயாணியின் முறைப்பாட்டை ஏற்ற மாகாண அதிகாரிகள் கம்பனிக்கு 3,000 யூரோ தண்டம் விதித்தனர். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றத்தை அடைந்தது.

2014 செப்டெம்பர் 18 ஆந் தேதி வழங்கப்பட்ட தீர்ப்பு இரு பகுதிகளையுடையது. ஒப்படைக்கும் பெட்டி பிரயாணத்துக்கு இன்றியமையாததன்று. சிலர் அதுவின்றியுஞ் செல்கின்றனர். ஆதலால் அதற்குத் தனிவிலை கூறக் கம்பனிக்கு உரிமையுண்டு. இது முதற் பகுதி. கையிற் கொண்டுசெல்லும் பை அத்தகையதன்று. நியாயமான அளவும் எடையும் கொண்டு, பாதுகாப்பு விதிகளுக்கு அமைந்திருப்பின், அது பிரயாணத்தின் அவசியமான பகுதியே. அதற்கு மேலதிக விலை பெறலாகாது. இது இரண்டாம் பகுதி. பிரயாணியையும் மூட்டையையும் முற்றாகப் பிரித்துவிட இயலாது என்னும் பழைய உண்மையை நீதிமன்றம் ஓரளவேனும் நிலைநிறுத்தியது.

ஆனால் நியாயமான அளவு எது? தீர்ப்பு அதனை அங்குலக் கணக்கில் அளந்து சொல்லவில்லை. அச்சிறு இடைவெளியிற் பெரிய வழக்குகள் புகுந்தன. 2024 நவம்பரில் ஸ்பானியாவின் நுகர்வோர் உரிமை அமைச்சு, கைப்பெட்டிக்குக் கட்டணம் பெறுதல் முதலிய நடைமுறைகளுக்காக ஐந்து மலிவுக் கம்பனிகளுக்கு மொத்தம் 17 கோடியே 90 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. கம்பனிகள் அதனை ஏற்க மறுத்து நீதிமன்றத்தை நாடின. அமெரிக்காவிற் போக்குவரத்துத் திணைக்களம் 2024 ஏப்ரலில், பெட்டிக் கட்டணம் முதலியவற்றைச் சீட்டின் விலையை முதன்முறை காட்டும்பொழுதே அறிவிக்கவேண்டுமென விதியொன்றை வெளியிட்டது. அவ்விதி நடைமுறைக்கு வருமுன்னரே, கம்பனிகள் தொடுத்த வழக்கில், ஜூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தால் இடைநிறுத்தப்பட்டது.

இதற்கிடையே மலிவுக் கம்பனிகளின் நிலையும் மாறியது. பெரிய கம்பனிகள் அவற்றின் முறையைத் தாமே கைக்கொண்டன. 2012 முதல் டெல்ற்றா கம்பனியும், பின்னர் ஏனையவும், ஆசனத் தேர்வு முதலிய வசதிகள் நீக்கப்பட்ட அடிப்படைச் சிக்கனச் சீட்டு என்ற ஒன்றை விற்கத் தொடங்கின. கட்டணங்களை நம்பி வளர்ந்த ஸ்பிரிட், 2024 நவம்பரிலும் மீண்டும் 2025 ஓகஸ்டிலும் கடன்காரரிடமிருந்து பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்தை அடைந்தது. தான் கண்டுபிடித்த வித்தையை எல்லாரும் கற்றுக்கொண்டபின் அதனாற் பயன் பெறுதல் அரிதன்றோ?

பெட்டிக்குப் பணம் வாங்காத சௌத்வெஸ்டின் கதை இங்கு மீண்டும் நினைக்கத்தக்கது. ஏனைய கம்பனிகள் 2008 இற் கட்டணம் விதித்தபொழுது, இரண்டு பெட்டிகள் இலவசம் என்பதையே அது தன் பெரும் விளம்பரமாக்கியது. பதினேழு ஆண்டுகள் அந்நிலையில் நின்றது. இலாபம் குன்றி, பங்குதாரரின் நெருக்குதல் கூடியபின், 2025 மே 28 ஆந் தேதி முதல் வாங்கப்படும் பெரும்பாலான சீட்டுகளுக்கு முதற் பெட்டிக்கு 35 டொலரும் இரண்டாம் பெட்டிக்கு 45 டொலரும் என அதுவுங் கட்டணம் விதித்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாகக் காக்கப்பட்ட வழக்கம் இவ்வாறு முடிவுற்றது.

இலங்கையும் இவ்வுலகப் போக்குக்குப் புறம்பாக நிற்கவில்லை. 2007 இல் அரசாங்கம் மிஹின் லங்கா என்னும் மலிவுக் கட்டணச் சேவையொன்றைத் தொடங்கியது. அது 2016 இல் ஸ்ரீலங்கன் எயர்லைன்ஸுடன் சேர்க்கப்பட்டது. பிறநாட்டுக் மலிவுக் கம்பனிகள் கட்டுநாயக்கவுக்கு வருகின்றன. 2024 செப்டெம்பரில் இந்தியாவின் இண்டிகோ சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பறக்கத் தொடங்கியது. மத்திய கிழக்கில் வீட்டுப் பணிசெய்து திரும்பும் ஒரு தாய்க்கு, பெட்டி என்பது விருப்பத்துக்குரிய மேலதிகச் சேவையன்று. இரண்டாண்டு உழைப்பின் பயனே அதனுள் இருக்கிறது. அவர் சீட்டு வாங்கும்பொழுது பெட்டிக்குரிய விலையையும் சேர்த்து அறிந்தால், ஒரு பொருளைக் குறைத்தோ வேறு விமானத்தைத் தேர்ந்தோ தம் பணத்தைக் காக்கலாம். விமான நிலையத்துத் தராசின் முன்னர்தான் அறிவாராயின், பெட்டியைத் திறந்து எதை விட்டுச் செல்வதென்று வரிசையில் நிற்போர் காண முடிவுசெய்யவேண்டியவராவார்.

இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்க முடிபு யாது? பெட்டிக்கு விலை கேட்பதே குற்றம் என்று கூறல் பொருந்தாது. பிரித்து விற்றமையாற் சீட்டின் விலை குறைந்தது. குறைந்தமையால், முன்பு துறைமுகத்திலும் புகையிரத நிலையத்திலும் காத்துநின்ற கோடிக்கணக்கான எளிய மக்கள் ஆகாயத்தில் ஏறினர். அந்நன்மையை மறுத்தல் நன்றி மறத்தலாகும். ஆனால் விலையைப் பிரிப்பது வேறு. விலையை மறைப்பது வேறு. பிரித்த விலை பிரயாணிக்குத் தேர்வைத் தருகிறது. மறைத்த விலை, இல்லாத மலிவைக் காட்டி அவரை அழைத்துச் சென்று, திரும்பிவர இயலாத இடத்தில் வைத்துப் பணம் கேட்கிறது.

கிளாட்ஸ்டனின் காலத்துச் சட்டம் மைலுக்கு ஒரு பென்னி என்று விதித்தபொழுது, 56 இறாத்தல் சாமானையும் அதனுடன் சேர்த்தே விதித்தது. விலை என்பது ஓர் எண் மட்டுமன்று, அவ்வெண்ணுக்கு எவையெவை கிடைக்கும் என்ற விவரமும் சேர்ந்ததே விலை என்பதை அச்சட்டம் அறிந்திருந்தது. அதன்பின் நூற்றெண்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன. வண்டி விமானமாயிற்று, சீட்டு கணினித் திரையாயிற்று. பிரயாணி பணத்தை எடுக்குமுன் முழுக்கணக்கையும் அவர் முன் வைக்கவேண்டும் என்னும் அந்த எளிய நியாயத்தை நிலைநாட்டும் முயற்சியோ இன்னும் முற்றுப்பெறவில்லை. அது முற்றுப்பெறும்வரை, விமானச் சீட்டு வாங்குவோர் முதலிற் காணும் எண்ணோடு நின்றுவிடாது, தம் மூட்டையையுஞ் சேர்த்துக் கணக்கிட்டு, அதன் பின்னரே எது மலிவு என்று தீர்மானித்தல் நலம்.